கையெழுத்துக்கு முன் ஓர் ஆணி

ஆறு மாடி ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருஷமாக லிப்ட் ஓட்டியவளுக்கு ஊரையே மேலே ஏற்றிவிட்ட பெருமை உண்டு. தான் மட்டும் எங்கும் ஏறவில்லை என்கிற குறையும் இருந்திருக்கலாம். அதை அவள் சொன்னதில்லை. எல்லோருக்கும் அவள் லிப்ட்டக்கா. உயரமான முக்காலியில் உட்கார்ந்தபடி, ஆளைக் கேட்காமலே பொத்தானை அமுக்குவாள். பழப்பை என்றால் மூன்று, பொது வார்டு. புதுத் துவாலையும் அசட்டுச் சிரிப்புமாக வந்தால் நான்கு, பிரசவ வார்டு. ஆறாவதில் கதவு திறந்ததும், "இதுக்கு மேல கிடையாது, எறங்கிக்குங்க" என்பாள்.

அவள் குடியிருந்தது ஒற்றை வாடகை அறை. வீட்டுக்காரம்மா நல்லவர்தான். சுவரில் ஆணி அடிப்பதை மட்டும் கொலைக்குச் சமமாக நினைத்தார். அதனால் இருபத்திரண்டு வருஷமாக அவளுடைய காலண்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. முகம் பார்க்கும் கண்ணாடி, ஜன்னலில் சாய்ந்திருந்தது. சுவர்க் கடிகாரம் அலமாரியில் மல்லாந்து படுத்திருந்தது. மணி பார்க்க வேண்டுமென்றால் தொட்டில் குழந்தையைப் பார்ப்பதுபோல் குனிந்து பார்க்க வேண்டும்.

அவளைப் பெற்ற அம்மா இறந்துபோய் மூன்று மாதம் கழித்து, உயில் ஒன்று இருக்கிறதென்று வக்கீல் வரச்சொன்னார். அவர் அலுவலகம் ஐந்தாவது மாடியில். அவள் சரியான நேரத்துக்குத்தான் போனாள். ஆனால் அந்தக் கட்டடத்து லிப்ட்டை ஓட்ட ஆள் இல்லை. உள்ளே நுழைந்தவளின் கை தானாகப் பொத்தான்களுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டது. யாரோ ஒருவர் "மூணு" என்றார். வேறொருவர் கீழே அவசரம் என்றார். முன்பின் தெரியாத நாற்பது பேரை அவரவர் மாடியில் சேர்த்துவிட்டு, தனக்கும் ஒரு மாடி உண்டென்று அவளுக்கு நினைவு வந்தபோது அரை மணி நேரம் தாண்டியிருந்தது.

அதற்குள் உயிலைக் கேட்டு முடித்திருந்த தம்பி அவளைக் கண்டதும் எழுந்து நின்றான். அவன் கல்யாணத்துக்குப் பிறகு அக்காவுக்காக அவன் நாற்காலியை விட்டது இதுதான் முதல் தடவை. "வாக்கா, ஃபேனுக்குக் கீழ உக்காரு" என்றான். அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

வக்கீல் மறுபடி வாசித்தார். கீழ்வீடு முழுவதும் மகனுக்கு. மொட்டை மாடியும் அதற்கு மேலுள்ளதும், வீட்டுக்குள்ளிருக்கும் படிக்கட்டில் எந்நேரமும் ஏறி இறங்கும் உரிமையும் மகளுக்கு. பெட்டிக்குள் அடைந்து கிடந்தது போதும். அந்தக் கடைசி வரி சட்ட பாஷை இல்லையென்று தான் எவ்வளவோ சொல்லியும் அம்மா கேட்கவில்லை என்று வக்கீல் வருத்தப்பட்டார்.

அவள் சிரித்துவிட்டாள். அந்த அறையில் அழுதவர்கள் உண்டு, சட்டையைப் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு. சிரித்தவர்களை வக்கீல் பார்த்ததில்லை. லிப்ட் கிளம்பும்போது புதிதாக ஏறுகிறவர்களுக்கு வயிற்றில் ஏதோ தூக்கிப் போடுமாம். எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். அது என்னவென்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

தம்பி ஒரு தாளை நகர்த்தினான். அந்த அரை மணி நேரத்தில் குமாஸ்தாவை விட்டு டைப் அடித்து வாங்கிய விடுதலைப் பத்திரம். "வெறும் தளம்தான்க்கா. வெயில்ல காயும், மழைல நனையும். நீ வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற? எனக்கு விட்டுக்கொடுத்துட்டா உனக்கும் தொல்ல இல்ல."

போகவேண்டிய மாடிக்குக் கொண்டுபோக மாட்டேன் என்று யாரிடமும் சொல்லிப் பழகாதவள் அவள். பேனாவை வாங்கிக்கொண்டாள். மூடியைத் திறந்தவள் நிறுத்தினாள்.

"போடறேன்டா. அதுக்கு முன்னாடி அங்க ஒரே ஒரு ஆணி அடிச்சுக்கறேன்."

கையெழுத்தாகும்வரை மொட்டை மாடி அவளுடையதுதான், சட்டத்தில் ஆணிக்குத் தடையில்லை என்றார் வக்கீல். தாளையும் பேனாவையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தம்பி ஸ்கூட்டரைக் கிளப்பினான். வழியில் இரும்புக் கடையில் நிறுத்தச் சொன்னாள். ஆணி எடைக்குத்தான் கொடுப்போம் என்றார் கடைக்காரர். ஒன்றுதான் வேண்டும் என்றாள். என்ன வேலைக்கு என்று அவர் கேட்டதற்கு, சொந்தச் சுவரில் அடிக்க என்று வேண்டியதைவிடச் சற்று உரக்கச் சொன்னாள். அவர் நீளமாக ஒன்றை எடுத்துச் சும்மாவே கொடுத்தார்.

தம்பி பெண்டாட்டி கீழ்வீட்டுக் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். விஷயம் தெரியாததால் சுத்தியலைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். பத்தாவது படியிலேயே லிப்ட்டக்காவுக்கு மூச்சு வாங்கியது. மேலே கதவு திறந்ததும், பழக்கதோஷத்தில் ஒதுங்கி நின்று தம்பியை முதலில் வெளியே விட்டாள்.

நாலா பக்கமும் வானம். இவ்வளவையும் எப்படிப் பெருக்குவது என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. பிறகுதான் மூலைகளைக் கவனித்தாள். நான்கு மூலையிலும் தூண் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன, துருப்பிடிக்காமலிருக்க ஒவ்வொன்றின் தலையிலும் கவிழ்த்த பாட்டிலுடன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் புதுச் செங்கல் அடுக்கியிருந்தது.

"இதெல்லாம் எதுக்குடா?"

"அது... பின்னாடி ஒரு மாடி எடுக்கலாம்னு."

"எதுக்கு மேல?"

தம்பி பாட்டில்களைப் பார்த்தான். அம்மாவுக்கு மகன் மனசு அத்துப்படி. அதனால்தான் உயிலில் 'அதற்கு மேலுள்ளதும்' என்று சேர்க்கச் சொல்லியிருந்தாள்.

அவள் கைப்பிடிச் சுவர்ப் பக்கம் போனாள். முதல் அடியில் காரை உதிர்ந்தது. இரண்டாவது கட்டைவிரலில் விழுந்தது. மூன்றாவதில் ஆணி உள்ளே போய் நின்றது. ஆட்டிப் பார்த்தாள், அசையவில்லை. அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. செங்கல் அடுக்கில் உட்கார்ந்து, விரலை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். தம்பியும் தன்னை அறியாமல் சிரித்துவிட்டு, தாளை நீட்டினான்.

"அதான் அடிச்சிட்டியேக்கா. என்ன மாட்டப் போற?"

அவள் தாளை வாங்கினாள். கையெழுத்துக்காக விட்டிருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டாள். பிறகு எழுந்துபோய், சரியாக அந்த இடத்தில் குத்தி, ஆணியில் மாட்டினாள். காற்றில் அது படபடத்தது.

"இப்போதைக்கு இது. பாக்கணும்னா ஏறி வா, படி உன் வீட்டுக்குள்ளதான இருக்கு."

"அக்கா, வெளையாடாத."

"செங்கல்ல எடுத்துடுடா. நான் பெருக்கணும்."

இறங்கும்போது மூச்சு வாங்கவில்லை. கூடத்தில் சுத்தியலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நாளைக்குக் கடிகாரத்தோடு வருவதாகத் தம்பி பெண்டாட்டியிடம் சொன்னாள். மழைபட்டால் கெட்டுப்போகுமே அண்ணி என்றாள் அவள். கெட்டால் கெடட்டும், இருபத்திரண்டு வருஷமாகப் படுத்தே கிடக்கிறது, ஒரு நாளாவது நிமிர்ந்து நிற்கட்டும் என்றாள் லிப்ட்டக்கா.