ஊசிக் காலத்துச் சாப்பாடு

மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது என் கையில் இருந்த தூக்குப்போசி, காலையில் எடுத்துக்கொண்டு போன அதே கனத்தில் இருந்தது. ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுபோகிற பாத்திரம் திரும்பி வரும்போது லேசாக இருக்க வேண்டும். உள்ளே கரண்டி மட்டும் லொடலொடக்க வேண்டும். அன்று அது சத்தமே போடவில்லை. பெரியநாயக்கன்பாளையம் பஸ் நிறுத்தத்திலிருந்து எங்கள் வீதி வரைக்கும் அதை இடுப்போடு அணைத்தபடி நடந்தேன். எதிரே வந்த பக்கத்து வீட்டுக்காரி, "ஏனுங், மாமா ரண்டு வாய் சாப்பிட்டாருங்களா?" என்று கேட்டாள். "சாப்பிட்டாருங்க" என்றேன். பொய் சொல்லவில்லை. சாப்பிட்டிருந்தார். நான் கொண்டுபோனதைத்தான் தொடவில்லை.

என் வீட்டுக்காரர் என்னைவிட வெகுவாக மூத்தவர். மோட்டார் பம்பு செய்கிற பட்டறை ஒன்றில் மேஸ்திரியாக இருந்து, வயதாகி வேலையை விட்டவர். நான் அவருக்கு இரண்டாம் தாரம். மூத்த தாரமாக இருந்தவர் காய்ச்சலில் இறந்து சில வருஷங்கள் கழித்து என்னைக் கட்டிக்கொண்டார். இரண்டாவதாக வருகிறவளை, இறந்தவளின் பிறந்த வீட்டார் தங்கள் பெண்ணாகவே வைத்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். மூத்தவர் பிறந்த ஊர் தொண்டாமுத்தூர். அங்கிருந்து தீபாவளிக்குச் சேலையும் பொங்கலுக்குத் தேங்காயும் எனக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்தன. மூத்தவருக்கு ஒரு தங்கை. என்னைவிட வயதில் பெரியவள். ஆனால் அவள் அக்காள் இருந்த இடத்தில் நான் இருந்ததால் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவள் நரைத்த தலையோடு வாசலில் வந்து நின்று "அக்கா" என்று கூப்பிடும்போதெல்லாம், அவள் கூப்பிடுவது என்னையா, எனக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவளையா என்று ஒரு கணம் தோன்றும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எட்டாவது வரை படித்தவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேச எனக்கு வராது.

அவருக்கு முதலில் கழுத்தில்தான் கட்டி வந்தது. நெல்லிக்காய் அளவு. சென்னைக்குப் போய்க் கரண்டு, அதாவது கதிர் சிகிச்சை, வைத்துக்கொண்டு வந்தோம். கட்டி கரைந்துபோனது. அவரும் பழையபடி தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பட்டறைப் பக்கம் போய், பழைய ஆட்களோடு டீ குடித்துவிட்டு வர ஆரம்பித்தார். போய்விட்டது என்றே நினைத்தோம். பிறகு ஒரு நாள் குளிக்கும்போது அக்குளில் கை பட்டு நின்றுவிட்டார். தொடை இடுக்கிலும் இருந்தது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரி டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, நிணநீர்க் கட்டி திரும்பி வந்திருக்கிறது என்றார். ஒரே இடத்தில் இல்லாததால் இனிக் கரண்டு வைத்துப் பயனில்லை, ரத்தக் குழாயில் போடுகிற மருந்து ஒன்று வந்திருக்கிறது, இடைவெளி விட்டு விட்டுப் போட்டுப் பார்க்கலாம் என்றார். அந்த ஊசி வாந்தியைக் கொடுக்கும், முடியைக் கொட்டும் என்றும் சொன்னார். கடைசியாக ஒன்று சொன்னார். "இவர் சாப்பிட்டு உடம்பு நிற்க வேண்டும். எடை இறங்கினால் அடுத்த ஊசி போட மாட்டேன். போடாவிட்டால் கட்டி காத்திருக்காது." நான் தலையை ஆட்டினேன். சாப்பாடு என் பொறுப்பு, அதில் எனக்குப் பயம் இல்லை என்றுதான் நினைத்தேன்.

முதல் ஊசி நாளன்று தெம்பு வேண்டும் என்று அரிசியும் பருப்பும் ஆக்கினேன். எங்கள் ஊர்ப்பக்கம் இதை ஆக்காத வீடு கிடையாது. சின்ன வெங்காயமும் பூண்டும் கை நிறையப் போட்டு, பருப்பையும் அரிசியையும் சேர்த்து வேகவைத்து, மேலே நெய் விடுவது. அவருக்கு அதற்கு மேல் ஒரு பண்டம் உலகத்தில் கிடையாது. பட்டறையில் மற்றவர்கள், "மேஸ்திரி ஊட்டுல இன்னைக்கு அரிசியும் பருப்புமாட்ட இருக்குது, மூஞ்சியிலயே தெரியுது" என்று கேலி செய்வார்களாம். அன்றும் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் ஊசிக்குக் கையை நீட்டினார். பொழுது சாய்வதற்குள் வாந்தி ஆரம்பித்துவிட்டது. வயிற்றில் இருந்ததெல்லாம் வந்தது. ஒன்றும் இல்லாத பிறகும் வந்துகொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்து சற்றுத் தேறியதும் நான் மறுபடியும் அதையே ஆக்கினேன். வெங்காயம் எண்ணெயில் விழுந்த சத்தம் கேட்டதும் எழுந்து கொல்லைச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தார். அன்றிலிருந்து நான் ஆக்கிய எதையும் அவர் வாயில் வைக்கவில்லை. ரசம், கீரை, கடைந்த கொள்ளு என்று ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் நிற்பேன். "வேண்டாம் அம்மணி, வெச்சுரு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். கழுத்து எலும்பு நாளுக்கு நாள் மேலே எழும்பி வந்தது.

மகளைப் பவானியில் கொடுத்திருந்தோம். அவளுக்குக் கைக்குழந்தை, வந்து தங்க முடியாது. சேதி கேட்டுத் தொண்டாமுத்தூர்த் தங்கைதான் ஒரு மூட்டை தேங்காயோடு வந்து இறங்கினாள். புருஷனை இழந்தவள். தென்னந்தோப்பை அவள் மகன் பார்த்துக்கொண்டான். "அக்கா, நீங்க சித்த உக்காருங்க, நான் ஒரு கை ஆக்கிப் பாக்கறனுங்க" என்று சமையலறைக்குள் போனாள். இடியாப்பம் போல அச்சில் சந்தவை பிழிந்து, தேங்காய்ப் பால் எடுத்து, வெல்லம் தட்டிப் போட்டுக் கொண்டுவந்தாள். அவர்கள் இருவரும் ஏதோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போனபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஏனுங் மச்சான், இனிப்பு போதுமுங்களா?" "போதும் கண்ணு." கண்ணு என்று அவர் கூப்பிடாதவர்கள் குறைவு. பட்டறைப் பையன்களும் கண்ணு, எங்கள் எருமைக் கன்றும் கண்ணு. ஆனாலும் அன்று அது என் காதில் சூடாக விழுந்தது. தட்டு காலியாவதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டியவள், தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதன் பிறகு எல்லாமே அவள் கைக்குப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் நோயாளியோடு ஒருவர்தான் தங்கலாம். "அவ இருக்கட்டும், நீ ஊட்டைப் பாத்துக்கோ" என்று அவரே சொல்லிவிட்டார். வார்டுக்குப் பின்னால் கூட இருப்பவர்கள் சமைத்துக்கொள்ள ஒரு கொட்டகை இருந்தது. அங்கே அவள் சந்தவை அச்சையும் அடுப்பையும் வைத்துக்கொண்டு ராஜ்யம் நடத்தினாள். நான் பஸ் ஏறிப் போவேன், பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், நிறைந்த தூக்குப்போசியோடு திரும்பி வருவேன். டாக்டர் வந்தால் அவள்தான் எழுந்து நின்று கேள்வி கேட்பாள். ஒரு தடவை டாக்டர் அவளைப் பார்த்து, "உங்க வீட்டுக்காரருக்கு ரத்தம் பரவாயில்லை" என்றார். நான் தலையணையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். அவள் சிரித்துக்கொண்டே, "அக்காதானுங் ஊட்டுக்காரி. நான் சமையக்காரிங்க" என்றாள். டாக்டரும் சிரித்தார், அவரும் கட்டிலில் கிடந்தபடி சிரித்தார். அவள் விட்டுக்கொடுத்துத்தான் எனக்கு அந்த இடம் கிடைத்தது போல இருந்தது.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு முடி கொட்டியது. தலையில் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. மீசைதான் போனது. தலையணையில் கிடந்த மீசை முடியைச் சேலை முந்தானையில் துடைத்து எடுத்தபோது எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. அவள், "மீசை போனதுல மச்சானுக்கு மாப்பிள்ளைக் களை வந்துபோச்சுங்க்கா. இன்னொருத்தியக் கட்டி வெக்கலாமுங்களா?" என்றாள். "ரண்டு பேரையே தாக்குப் புடிக்க முடியலை" என்று அவர் சொன்னார். அந்த இரண்டு பேரில் ஒருத்தி நான், இன்னொருத்தி செத்துப்போனவளா, இதோ அச்சைப் பிழிந்துகொண்டிருக்கிறவளா என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். அவள் கையில் அவள் அக்காளின் ருசி இருக்க வேண்டும் என்று எனக்குள் முடிவு கட்டிவிட்டேன். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் சாப்பிடுவார். வாயில் வைத்ததைச் சீக்கிரம் விழுங்குவார். அவ்வளவு ருசியில் பழைய நாட்களுக்குப் போய்விடுகிறார் என்று நினைத்தேன்.

ஊசிகளுக்கு நடுவில் அவர் வீட்டில் இருந்த நாள் ஒன்றில், அவள் தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரம் பார்த்து நானே சந்தவை பிழிந்தேன். அவள் செய்வதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அளவெல்லாம் பாடமாகியிருந்தது. அவள் பரிமாறும் தட்டிலேயே வைத்துக் கொண்டுபோனேன். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யாரு ஆக்கினது?"

"நாந்தானுங்."

"அப்ப வேண்டாம். எடுத்துரு."

அதே அரிசி, அதே தேங்காய். கை மட்டும்தான் வேறு. அதை எருமைத் தொட்டியில் கொட்டும்போது, அவர் பிழைத்து எழ வேண்டும் என்ற வேண்டுதலோடு கூட, பிழைத்தால் யாருக்காகப் பிழைக்கிறார் என்ற எண்ணமும் வந்தது. ஆனாலும் அவளைப் போகச் சொல்ல என்னால் முடியாது. அவள் போனால் தட்டு காலியாகாது, எடை நிற்காது, ஊசி நின்றுவிடும். ஒரு சமயம் தோப்பில் யானை புகுந்துவிட்டது என்று மகன் சொல்லி அனுப்பியபோது அவள் மூட்டையைக் கட்டினாள். நான் வாசல்வரை ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து, "இன்னும் ஊசி பாக்கி இருக்குது, இருந்துபோட்டுப் போ" என்று கெஞ்சினேன். இருந்தாள். அவள் இருந்ததிலும் எனக்கு எரிச்சல்தான்.

எல்லா ஊசியும் போட்டு முடித்தார்கள். எடை நின்றது. அக்குளில் கட்டி கைக்குத் தட்டுப்படவில்லை. டாக்டர் அவளைப் பார்த்துத்தான் தலையசைத்தார். அவள் தொண்டாமுத்தூருக்குப் போய்ச் சில வாரங்கள் கழித்து, ஒரு காலையில் அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"ஏனம்மணி, கொஞ்சம் கொள்ளு கடையறயா?"

"தொண்டாமுத்தூருக்கு ஆள் உடட்டுங்களா?" என்றேன். அத்தனை மாதமும் அடக்கி வைத்திருந்தது அப்படி வெளியே வந்துவிட்டது.

அவர் சிரிக்கவில்லை. கதவு நிலையில் சாய்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னார். "அரிசியும் பருப்பும் எனக்கு இனி இந்த ஜென்மத்துல ஆவாது. அன்னைக்கு அதைத் தின்னுபோட்டு ஊசி போட்டதுல அது செத்துப்போச்சு. ஊசி போடற காலத்துல எதைத் தின்னாலும் அது கெட்டுப்போவும்னு எனக்கு வெளங்கிருச்சு. உன்ற கையில மிச்சம் இருக்கறதையும் அந்த ஊசிக்குக் குடுத்துப்போட்டா, அப்பறம் பொழைச்சு எதைத் திங்கறது? துருப்புடிக்கற எடத்துல நல்ல சாமானை வெப்பாங்களா?"

கொள்ளைக் கடைந்தேன். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். கண்ணை மூடவில்லை. அப்போதுதான் அவள் சோற்றை அவர் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியது எதற்காக என்று எனக்குப் புரிந்தது. மருந்து குடிப்பது போல விழுங்கியிருக்கிறார். அதன் பிறகு தொண்டாமுத்தூரில் ஒரு விசேஷத்துக்குப் போனபோது தேங்காய்ப் பால் வாசம் வந்ததும் எழுந்து தோப்புப் பக்கம் போய்விட்டார். அவள் மோர் மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தாள். நான் பந்தியில் உட்கார்ந்து அவள் சந்தவையை ஆசை தீரச் சாப்பிட்டேன். ஜெயித்தவளின் பசி அது.

அவர் அதன் பிறகு சில பொங்கல்களைப் பார்த்தார். மறுபடியும் கட்டி வந்தபோது ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கடைசிவரை என் கையால்தான் சாப்பிட்டார். அவர் போன துக்கத்திலும் அந்த ஒன்று எனக்குப் பிடிமானமாக இருந்தது. அவர் காப்பாற்றி வைத்தது என் சோற்றை, கெட்டால் கெடட்டும் என்று விட்டது அவள் சோற்றை.

போன மாதம் அவள் வந்திருந்தாள். இருவரும் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தோம். இத்தனை நாள் சொல்லாததை அன்று சொல்லிவிட்டேன். அவர் கதவு நிலையில் நின்று சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னேன். அவள் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. மாறவில்லை.

"அது எனக்கு அப்பவே தெரியுமுங்க்கா" என்றாள். "நான் வந்த அன்னைக்கே மச்சான் கேட்டுப்போட்டாரு. 'கண்ணு, இந்த ஊசி தின்ன சோத்தையெல்லாம் பகையாக்கிப்போடுது. உன்ற சோறும் அப்படி ஆயிரும். அப்பறம் உன்ற ஊட்டுல வந்து என்னால கை நனைக்க முடியாது. சம்மதமா'ன்னாரு. நான் சம்மதமுங்கன்னேன்."

"என்கிட்ட ஏன் கேக்கலை?" என்றேன்.

"கேட்டிருந்தா நீங்க சம்மதிச்சிருப்பீங்களாங்க்கா?" என்றாள். கேலியாகக் கேட்கவில்லை. கை பாட்டுக்கு உரித்துக்கொண்டிருந்தது.

சம்மதித்திருக்க மாட்டேன். அது அவருக்கும் தெரிந்திருக்கிறது, அவளுக்கும் தெரிந்திருக்கிறது. என்னை இவ்வளவு சரியாக எடை போட்டுவிட்டு, எனக்குத் தெரியாமல் ஒரு பேச்சை வைத்துக்கொண்டு, இரண்டு பேர் அத்தனை மாதங்கள் என் கண் முன்னால் இருந்திருக்கிறார்கள். தன் கைச் சோறு அவருக்கு என்றைக்கும் ஆகாமல் போகும் என்று தெரிந்தே அவள் தினமும் சந்தவை பிழிந்திருக்கிறாள். அப்படி ஒன்றை ஒரு மனுஷன் யாரிடம் வாய்விட்டுக் கேட்க முடியுமோ, அவளிடம் கேட்டிருக்கிறார். என்னிடம் கேட்கவில்லை.

மத்தியானம் அவளுக்கு இலை போட்டேன். "நல்லா இருக்குதுங்க்கா, இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க" என்று குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஊற்றினேன். ஊற்றும்போதும் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.