சிவராசாவுக்கு ஒரு இடம்

அடுத்த வீட்டுச் சண்டையைக் கேட்பதுதான் எங்கள் தொழில். யாழ்ப்பாணத்தில் அதை எல்லோரும் சம்பளமில்லாமல் செய்கிறார்கள். பயிற்சிக்கு வந்தவள் என்பதால் நானும் அப்படித்தான் செய்தேன். நீங்களும் எங்காவது பயிற்சி என்று போய், ஒன்றும் தெரியாமல், எல்லாம் தெரிந்த முகத்தோடு ஒரு கதிரையில் இருந்தவரானால், இதைப் படித்து என்னோடு சேர்ந்து பெருமூச்சு விடலாம்.

பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த என்னை, வீட்டில் அடிவாங்கும் பெண்களுக்கு உதவும் ஒரு நிலையத்துக்கு அனுப்பினார்கள். மருதனார்மடம் சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஒழுங்கைக்குள் வாடகைக்கு எடுத்த ஒரு கல்வீடு. மின்சாரம் இல்லை. குண்டு போடும் பொம்பர் விமானம் நினைத்த நேரம் வந்து போகும். ஒரு கட்டி சவுக்காரத்துக்கும் வரிசையில் நிற்கிற காலம் அது. நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் பவளமக்கா. ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய குரலைக் கேட்டாலே நோயாளிகளுக்குக் காய்ச்சல் இறங்கிவிடுமாம். எனக்கு ஏறியது.

வாசல் பலகை

வாசலில் தொங்கிய பலகையில் ‘பெண்கள் தையல் பயிற்சி நிலையம்’ என்றுதான் எழுதியிருந்தது. உள்ளதை உள்ளபடி எழுதினால் ஒருத்தியும் வாசல் படலையைத் திறக்க மாட்டாள். அப்படியே திறந்தாலும், அவள் வெளியே வருவதற்கு முன் அவள் கதை சுன்னாகம் போய்ச் சேர்ந்துவிடும். தைக்கப் பழகப் போகிறேன் என்றால் மாமியார்கூட மறிக்க மாட்டார். ஆகவே எல்லோரும் துணிப்பையோடு வருவார்கள். முன்னறையில் கால் மெசின்கள், பின்னறையில் கதை. யாராவது ஓர் ஆம்பிளை படலைக்கு வந்தால், முன்னறையில் இருப்பவர்கள் எல்லா மெசினையும் சேர்த்து மிதிக்க வேண்டும் என்பது பவளமக்காவின் சட்டம். பின்னறையில் அழுகிற சத்தம் அப்போதுதான் வெளியே கேட்காது. கடையில் ஒரு நூற்கட்டை வாங்க முடியாத அந்த நாட்களில் எங்களுக்கு மட்டும் இவ்வளவு தையல் எப்படி நடக்கிறது என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை.

இதில் ஒரு சிக்கல். உண்மையாகவே சட்டை தைக்கக் கொடுக்கவும் ஆட்கள் வருவார்கள். நான் போன புதிதில் இணுவில் பக்கத்து அம்மா ஒருவர் துணிப்பையோடு வந்து நின்றார். நான் அவரைப் பின்னறைக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்தி, தண்ணீர் கொடுத்து, வகுப்பில் சொல்லித் தந்த மெல்லிய குரலில், “ஆறுதலாச் சொல்லுங்கோ அம்மா, வீட்டிலை அவர் எப்பிடி?” என்று கேட்டேன். அவர் துணியை மடியில் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அவர் நல்ல மனுசன், பிள்ளை. ஆனா என்ரை சட்டைக்கு ஏன் அவரை விசாரிக்கிறீர்?”

கிணற்றடி

மகேஸக்கா வந்தபோது கன்னம் வீங்கியிருந்தது. கிணற்றடியில் வழுக்கிவிட்டதாம். எங்களிடம் வந்தவர்கள் சொன்னதை நம்பினால், வலிகாமத்துக் கிணற்றடிகள் முழுவதும் எண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறது என்றுதான் நினைக்க வேண்டும். பவளமக்கா ஒன்றும் கேட்காமல் ஈரத் துணியை மடித்து அந்தக் கன்னத்தில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் கதை தானாக வந்தது.

கணவர் சிவராசா, மருதனார்மடம் சந்தையில் ஒரு வெங்காய முதலாளியிடம் தராசு பிடிப்பவர். குடிக்காத நாளில் தங்கமான ஆள். அந்த நாட்கள்தான் குறைந்துகொண்டு வந்தன. தான் வாங்கிய அடிகளை மகேஸக்கா வேறு யாருக்கோ நடந்தது போலச் சொன்னார். மகள் துஷியிடம் வந்ததும் குரல் உடைந்தது. போன கிழமை அவள் குறுக்கே வந்து நிற்க, சிவராசா பிடித்துத் தள்ளியதில் பிள்ளையின் தலை கதவு நிலையில் அடிபட்டிருந்தது. அதன் பிறகு தாயும் மகளும் படுப்பதில்லை. சைக்கிள் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்தபடி இருட்டில் குந்திக்கொண்டிருந்தார்கள்.  உடனே, நகரத்தில் கன்னியாஸ்திரிகளின் விடுதி ஒன்று இருக்கிறது, இன்றைக்கே இரண்டு பேரையும் கூட்டிப்போய் விடலாம் என்றேன். மகேஸக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தார்.

“எங்கடை ஆடு குட்டி போடுற நேரம் தங்கச்சி, விட்டிட்டு வரேலாது.”

அறை வேட்டை

ஆடு குட்டி போட்டது. அடுத்த முறை, மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் இறைக்க ஆளில்லை என்றார். ஒவ்வொரு சாட்டுக்கும் நான் ஒவ்வோர் இடம் கண்டுபிடித்தேன். படித்த பாடத்தில் அப்படித்தான் இருந்தது: முதலில் பாதுகாப்பான இடம், மற்றதெல்லாம் பிறகு. ஆனால் காங்கேசன்துறைப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களால் எங்கள் ஊர்களில் மாட்டுக் கொட்டிலிலும் ஒரு குடும்பம் இருந்தது. சைக்கிள் சங்கிலி கழர, வெயிலில் தலை சுற்ற, கடைசியில் அரியாலையில் தனியாக இருந்த ஓர் அம்மா ஒரு அறை தரச் சம்மதித்தார். காற்றோட்டமான அறை. வளவுக்குள்ளேயே கிணறு. பள்ளிக்கூடம் பக்கத்தில். எனக்கே அங்கே போய் இருந்துவிடலாம் போல இருந்தது.

மகேஸக்கா வந்ததும் பெருமையோடு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, சிறுபிள்ளைக்கு விளங்கப்படுத்துவது போல, தான் இருப்பது தன் சீதன வீடு என்றார். அந்த வளவில் கிணறு வெட்டியது தகப்பன். சுவர் எழுப்பியது தாய்மாமன். சிவராசா கலியாணத்தன்று ஒரு சூட்கேஸோடு வந்து ஏறியவர். இது எனக்குத் தெரியாத விஷயமா? எங்கள் ஊரில் வீடு பெண்ணோடு போகும், ஆண் வீட்டோடு போவான் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் பாடத்தைப் படித்த நாளிலிருந்து நானும், கேட்டுக்கொண்டிருந்த பவளமக்காவும், ‘இவள் எங்கே போவாள்’ என்றுதான் தலையை உடைத்துக்கொண்டிருந்தோம்.

“நான் போறதுக்கு இடம் கேட்டு வரேல்லைத் தங்கச்சி. அவரை அனுப்புறதுக்கு ஒரு இடம் இருந்தாச் சொல்லுங்கோ.”

திருப்பி எடுப்பதில்லை

அப்போது ஊரை நடத்திய இயக்கத்துப் பெடியளிடம் முறையிட்டு ஆளைப் பிடித்துக்கொடுக்க மகேஸக்காவுக்கு விருப்பமில்லை. “பெடியளிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ. பிள்ளைக்கு அப்பா வேணும், ஆனா வீட்டுக்குள்ளை வேண்டாம்” என்றார். சும்மா துரத்தினால் இரவே திரும்பி வந்து கதவை உடைப்பார். அவருக்கு உறங்க ஒரு கூரை வேண்டும். அப்படியாகத்தான், அடிவாங்கிய பெண்களுக்கு இடம் தேடும் நிலையம் அடித்த ஆம்பிளைக்கு இடம் தேடிப் புறப்பட்டது.

முதலில் சிவராசாவின் தாய்வீட்டுக்குப் போனேன். அது இப்போது தங்கையின் சீதன வீடு. தமையனிடம் போனேன். அவர் தன் மனைவியின் சீதன வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு, உள்ளே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். சித்தப்பா மகனுக்கும் அதே கதை. விசாரிக்க விசாரிக்க எனக்குப் பிரமிப்பாகிவிட்டது. மீசையை முறுக்கிக்கொண்டு திரிகிற இத்தனை ஆம்பிளைகளில் ஒருத்தருக்கும் சொந்தமாக ஒரு மூலை இல்லை. வீட்டுக்கு வந்து இந்தக் கண்டுபிடிப்பை அப்பாவிடம் சொன்னேன். அவர் அம்மாவின் சீதன விறாந்தையில், அம்மாவின் சீதனச் சாய்மனைக் கதிரையில் படுத்திருந்து கேட்டுவிட்டு, குசினிப் பக்கம் ஒருமுறை பார்த்தார்: “உதைக் கொம்மாவுக்கு முன்னாலை கதைச்சுப்போடாதை, பிள்ளை.”

கடைசியாகத் தங்கையிடமே இன்னொரு முறை போய்க் கெஞ்சிப் பார்த்தேன். ஒரு மாதம், அதுவும் வீட்டுக்குப் பின்னால் இறக்கிய கோடிப்பக்கத்துச் சாய்ப்பில். அவர் மாவை அரித்துக்கொண்டே கேட்டார். அரித்து முடிந்ததும் அரிதட்டைத் தட்டி வைத்துவிட்டுச் சொன்னார்.

“அண்ணையைக் கட்டிக் குடுத்தாச்சு. திருப்பி எடுக்கிற பழக்கம் எங்களிட்டை இல்லை.”

பங்கருக்குள் பேச்சுவார்த்தை

இடத்தைப் பிடித்தவர் பவளமக்கா. நேரே வெங்காய முதலாளியிடம் போய், மூட்டை அடுக்கி வைக்கிற உங்கள் கிட்டங்கியில் இரவுக்குக் காவல் யார் என்று கேட்டிருக்கிறார். மூட்டைகள் களவு போகிற காலம். முதலாளிக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. இனி கிட்டங்கியில் படுத்தால்தான் தராசு வேலை என்று சிவராசாவிடம் சொல்லிவிட்டார். மகேஸக்காவின் தாய்மாமனும் தன் பாயையும் தலையணையையும் கொண்டுவந்து மருமகளின் விறாந்தையில் போட்டுக்கொள்ளச் சம்மதித்தார். சிவராசாவிடம் மற்றதை, இனி வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்பதை, சொல்லத்தான் ஆளில்லை. நான் சொல்வதாக இருந்தது. 

அதற்குள் அவரே வந்துவிட்டார், காலையிலேயே கள்ளு மணத்தோடு. படலை திறந்ததும் மெசின்கள் எல்லாம் கடகடவென்று ஓடத் தொடங்கின. “மகேஸ் எங்கை?” என்று அவர் கத்துவது கதவிடுக்கால் பார்த்த எனக்கு வாயசைவில்தான் தெரிந்தது. பின்னறையில் மகேஸக்கா என் கையைப் பிடித்திருந்தார்.  அந்த நேரம் பார்த்துப் பொம்பர் வந்தது. மெசின்கள் அப்படியே நின்றன. எல்லோரும் பின்வளவுப் பங்கருக்கு ஓடினோம். பவளமக்கா கடைசி ஆளாக, சிவராசாவின் சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்து உள்ளே தள்ளிவிட்டுத் தானும் இறங்கினார்.

பனங்குற்றி அடுக்கிய அந்தக் குழிக்குள், சுற்றிவரப் பெண்கள், நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு சிவராசா. எதிரே மகேஸக்கா. மேலே பொம்பர் சுற்றிக்கொண்டிருந்தது. “தம்பி, உது போகுமட்டும் எங்களுக்கு நேரமிருக்கு. கதைப்பம்” என்றார் பவளமக்கா. இரவில் கிட்டங்கி. வீட்டில் தாய்மாமன். வெள்ளிக்கிழமை பின்னேரம் பிள்ளையார் கோயிலில் மகளைப் பார்க்கலாம், குடிக்காமல் வந்தால். சிவராசா பனங்குற்றியை நகத்தால் சுரண்டினார். அப்போது மகேஸக்கா, பொம்பருக்கும் புருஷனுக்கும் சேர்த்துப் பயந்துகொண்டிருந்த அந்த மகேஸக்கா, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: “சூட்கேஸைத் துடைச்சு விறாந்தையிலை வைச்சிருக்கிறன். இனி என்ரை வாசல்படி ஏறாதேங்கோ.” தூரத்தில் எங்கேயோ குண்டு விழுந்து நிலம் ஒருமுறை அதிர்ந்தது.  சிவராசா சுற்றியிருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் தகப்பன் பெயரிலிருந்து எல்லாமே அங்கே எல்லோருக்கும் தெரியும் என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

“அந்தக் கிட்டங்கியிலை வெங்காயம் மணக்கும், அக்கா. நான் எப்பிடி நித்திரை கொள்ளுறது?”

மத்தியானம்

குடியை விட்டாரா என்று கேட்காதீர்கள். விடவில்லை. ஆனால் குடித்துவிட்டு அவர் உதைத்த கதவுக்குப் பின்னால் வெங்காய மூட்டைகள்தான் இருந்தன. ஒரு தடவை வீட்டுப் படலை வரைக்கும் வந்தாராம். தாய்மாமன் விறாந்தையில் எழுந்து நின்று லாம்பைத் தூக்கிப் பிடிக்க, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். இதை மகேஸக்காவே வந்து சொன்னார். அதற்குப் பிறகு மகேஸக்காவைக் காணவில்லை. ஒரு கிழமை போயிற்று. அடுத்த கிழமையும் வரவில்லை. பவளமக்கா படலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. சைக்கிளை எடுத்தேன்.

வழியெல்லாம் கெட்ட நினைப்புத்தான். தாய்மாமன் ஊருக்குத் திரும்பியிருப்பார், சிவராசா வந்திருப்பார், நாங்கள் சாமர்த்தியம் காட்டப்போய் நிலைமையை இன்னும் மோசமாக்கியிருப்போம். படலை கயிற்றால் கட்டியிருந்தது. கூப்பிட்டேன், பதிலில்லை. உச்சி வெயிலில் வளவு அமைதியாகக் கிடந்தது. ஆடுகூடக் கத்தவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட வாயெடுக்க, வீட்டுக்குள்ளிருந்து துஷி உதட்டில் விரலை வைத்தபடி ஓடி வந்து கயிற்றை அவிழ்த்தாள். வாசற்கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே நடுக்கூடத்தில், பாயில், ஒரு கையை நீட்டி வாயைக் கொஞ்சம் திறந்தபடி மகேஸக்கா கிடந்தார். வாசற்படி வரை ஓடினேன். பிறகுதான் மெல்லிய குறட்டை கேட்டது. நான் அப்படியே வாசற்படியில் குந்திவிட்டேன். கண்ணிலிருந்து வந்ததைத் துடைக்கவும் தோன்றவில்லை. அவ்வளவு நிம்மதி. துஷி என் காதருகில் குனிந்து முறைப்பாடு சொன்னாள்.

“அம்மா இப்ப எந்த நேரமும் நித்திரைதான் அக்கா, சோறு கேட்டாலும் எழும்புறா இல்லை.”

பயிற்சி முடிந்தபோது தந்த சான்றிதழில் என் வேலையைப் பற்றித் ‘திருப்திகரம்’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள். ஒரு பெண் பட்டப்பகலில் கதவைத் திறந்துபோட்டுக் குறட்டை விடுவதை வாசற்படியில் இருந்து கேட்டுவிட்டு வந்ததற்கு, அதற்குமேல் எந்தப் பல்கலைக்கழகத்தாலும் புள்ளி போட முடியாதுதான்.