நைனாவின் எல்.எல்.ஆர்.

தோள்பட்டை இனி வலை இழுக்கத் தாங்காது என்று டாக்டர் சொன்ன வாரமே, நைனா டிரைவர் ஆவது என்று நான் முடிவு செய்துவிட்டேன். பெற்ற அப்பாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. காட்டூர் மாமாவிடம் இறால் ஏற்றும் குட்டியானை வண்டி ஒன்று இருந்தது; ஓட்ட ஆள் இல்லை. மாமா நல்லவர்தான், ஆனால் எல்.எல்.ஆர்., அதான் பழகுநர் லைசென்ஸ், இல்லாமல் ஸ்டியரிங்கில் கை வைக்க விடமாட்டார். பொங்கல் வரை பார்ப்பேன், அப்புறம் வேறு ஆள் என்றும் சொல்லிவிட்டார்.

நான் அப்போது காலேஜ் இரண்டாம் வருஷம். எல்.எல்.ஆர். பரீட்சைக் கேள்விகள் மொத்தத்தையும் போனில் இறக்கி, பொன்னேரி பஸ்ஸில் போக வர நானே மனப்பாடம் செய்துவிட்டேன். பரீட்சை எனக்கில்லை என்பது வேறு விஷயம்.

சாயங்காலம் டச்சுக் கல்லறை மதிலோரம் உட்காருவோம். டவர் அங்கேதான் கிடைக்கும். நைனா எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். பரீட்சையிலோ ஒரு கேள்விக்குக் கொஞ்ச நேரம்தான். கம்ப்யூட்டர் தானாக அடுத்ததற்குத் தாவிவிடும். அதனால் நான் விரட்டிக்கொண்டே இருப்பேன். அவர் ஒவ்வொரு விதியையும் பஞ்சாயத்துக்கு இழுப்பார். மேடேறும் வண்டிக்கு வழி விடணும் என்றதும் தலையாட்டினார்: எதிர்காற்றில் வருகிற படகுக்கு நாம ஒதுங்குறதில்லையா, சரிதான். ஆஸ்பத்திரி பக்கம் ஹாரன் கூடாது, அதுவும் சரி. சிக்னல் இல்லாத நாற்சந்தியில் வலப்பக்கம் வருகிறவனுக்குத்தான் முதல் வழி என்றபோது தகராறு வந்தது.

"அது எப்படி? தெனம் தெனம் வலப்பக்கத்தானுக்கேவா? மத்தவன் பாடு எப்ப வரும்?"

எங்கள் பக்கம் பாடு என்றால் முறை. ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று ஊர் கூடிச் சீட்டெடுத்து வைத்திருக்கும். முந்தின படகு வலையைத் தூக்கி நகரும்வரை அடுத்த படகு சும்மா நிற்கும். யாரும் அதட்ட வேண்டியதில்லை.

ரோட்டுக்கெல்லாம் சீட்டுக் குலுக்க முடியாது, நியாயம் பேசாமல் பட்டனை அமுக்கு என்றேன்.

"இன்னா டீச்சரம்மா, பெரம்பு எடுப்பியா?" என்றார்.

பரீட்சையன்று பஸ்ஸில் திருப்பாலைவனம் தாண்டும்வரை சைன் போர்டாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸில் என்னை வெளியே நிறுத்திவிட்டார்கள். ஜன்னல் வழியாக அவர் முதுகு தெரிந்தது. அம்மா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பக்கத்துக் கம்ப்யூட்டரில் ஒரு பெரியவர். நைனா கையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெரியவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபெயில்.

டீக்கடையில் வைத்து, எந்தக் கேள்வி கஷ்டம் என்று கேட்டேன். எல்லாம் தெரிந்ததுதான் என்றார். பிறகு டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவரு எனக்கு முன்னாடியே வந்து குந்தினாரு. அவரு முடிச்சு எந்திரிக்கட்டும்னு இருந்தேன்."

"கேள்வி ஓடிக்கினே இருந்திருக்குமே நைனா?"

"ஓடுச்சு. அதையும் பாத்தேன்."

வாய்வரை வந்த கோபம் அப்படியே நின்றுவிட்டது. மூன்று வாரம் அவருக்கு ரோட்டைச் சொல்லிக்கொடுத்தேன். அந்த அறையில் எப்படி உட்காருவது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை. நான் பக்கத்துப் பெண்ணுக்கு முன்னால் விடைத்தாளைக் கொடுத்துவிட வேண்டும் என்று பன்னிரண்டு வருஷம் ஓடிப் பழகியவள்.

மாமாகிட்ட வேணாம்னு சொல்லிடலாமா என்று அவர் மெதுவாகக் கேட்டார். பொங்கலுக்குப் பத்து நாள்தான் இருந்தது. அங்கேயே போனை எடுத்து மறுபடியும் நாள் பதிந்தேன். அப்புறம் முதல்தடவையாக அவசரமில்லாமல் பேசினேன். அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி ஒவ்வொன்றும் தனித்தனி ஏரி. உன் ஏரியில் உன் வலை மட்டும்தான், முன்னாடி யாரும் கிடையாது, பின்னாடி யாரும் நிற்கவில்லை என்றேன்.

நைனா டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் முன்னாடி முடிச்சா, பக்கத்துல இருக்கறவருக்கு எதுவும் கொறையாதா?"

"கொறையாது நைனா."

"நெசமாவா?"

நெசமாகத்தான் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வலைக்கயிறு அறுத்த தழும்பெல்லாம் விரலில் தட்டியது. இத்தனை நாள் இந்தக் கையைத்தான் சீக்கிரம், சீக்கிரம் என்று விரட்டியிருக்கிறேன்.

இரண்டாம் தடவை ஜன்னல் பக்கமே நான் போகவில்லை. வாசல் வேப்பமரத்தடியில் நைனா கழற்றிவிட்டுப் போன செருப்புக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன். நைனா காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார், மை ஈரம் காயாத மாதிரி. பாஸ்.

அதற்குள் அம்மா போனில் வந்துவிட்டாள். நீயே சொல்லு என்று நைனா என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. அவர் கையோடு சேர்த்து அவர் காதிலேயே வைத்து அழுத்தினேன்.

"இன்னா கொழம்பு வெச்ச?" என்றார்.

பாஸா ஃபெயிலா என்று கேட்காமலே அந்தப் பக்கம் அம்மா சிரிப்பது எனக்கே கேட்டது.