அருவியில் குளித்த ரீல்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். தாண்டாமலேயே தென்காசியில் ஒரு மாடிப்படிக்கு அடியில் தையல் மிஷின் ரிப்பேர்க் கடை போட்டேன். அடுத்த ஆடிக்குள் மூடிவிடுவான் என்றார்கள். இப்போது படிக்கு அடியில் இருக்கிற இடமும் என்னுடையது, பக்கத்துக் கடையும் என்னுடையது. குத்துக்கல்வலசையில் உடைமுள்ளாகக் கிடந்த மனையில் வீடு கட்டினேன். அங்கன தண்ணீரே வராது என்று அடித்துச் சொன்ன ஆட்கள்தான், அவர்கள் வீட்டு மோட்டார் மக்கர் பண்ணினால் என் குழாயடியில் குடத்தோடு நிற்கிறார்கள். மகள்கள் ரெண்டு பேரையும் காலேஜுக்கு அனுப்பினேன். இனிமேல் தேறாது என்று மூலையில் போட்ட மிஷினையெல்லாம் தைக்க வைத்தேன். அதில் ஒன்று இலஞ்சியில் இன்றைக்கும் பள்ளிக்கூட யூனிபாரம் தைத்துக்கொண்டிருக்கிறது. கடைசியாக, கடலே இல்லாத இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, கடல் மீன் பிடிக்கிற ரீல் ஒன்றுக்கு உயிர் கொடுத்தேன்.

முன்னே சொன்னதுக்கெல்லாம் ஊருக்குள் சாட்சி உண்டு. இந்தக் கடைசி ஒன்றுக்கு மட்டும்தான் என் பேர் இன்னும் வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ரீல் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தூண்டில் கம்பின் அடியில் மாட்டுகிற சக்கரம் அது. கைப்பிடியைச் சுற்றினால் நூல் சுருளும். மீன் மூர்க்கமாக இழுத்தால், உள்ளே இருக்கிற பிரேக் நூலை அறுபடாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். நம்ம தையல் மிஷின் பாபினுக்குக் கோபம் வந்தால் எப்படி இருக்குமோ, அப்படி.

இது என் மூத்த மருமகனுடைய ரீல். பேங்கில் வேலை. தங்கமான மனுசன், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் கல்யாணச் சீர் மாதிரி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிநேகிதர்களோடு மணப்பாடு பக்கம் கடலுக்குப் போய்விடுவார். முக்கால்வாசி நாள் கருவாடு வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்புவார். அந்தக் கூட்டத்தில் ரீலைப் பற்றிப் பேசுவதில் அவரை அடிக்க ஆளில்லையாம். எந்த வாசருக்கு என்ன கிரீஸ், எந்தத் திருகை எவ்வளவு முறுக்கணும் என்று போன் குரூப்பில் பாடம் எடுப்பாராம். என் மகள்தான் சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கணும்.

சாரல் காலத்தில் கடலில் காற்று பலம், படகு இறக்க மாட்டார்கள். அப்போது அந்தக் கூட்டத்துக்கே குற்றாலத்தின் மேல் பாசம் பொங்கிவிடும். இந்த வருசமும் வந்து இறங்கினார்கள். ஐந்தருவியில் குளித்தார்கள், என் வீட்டில் சாப்பிட்டார்கள், சாப்பிட்ட இடத்திலேயே தூங்கினார்கள், போனார்கள். மருமகன் மட்டும் போகவில்லை. ஈரத் துண்டில் எதையோ சுற்றி வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மாமா, இதைக் கொஞ்சம் பாருங்களேன். லேசா ஒரு சத்தம் வருது."

கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தேன். லேசான சத்தமா அது? பல் இல்லாத கிழவன் பொரிகடலை மெல்லுகிற சத்தம்.

"எங்கன வச்சிருந்திய?"

"பெட்டியிலதான் மாமா."

மேல் திருகைக் கழற்றி நூல் சுற்றின உருளையை எடுத்தேன். உள்ளே பொடி மணல். மணலுக்கு மேலே நல்லெண்ணெய்ப் பிசுக்கு. பிசுக்கில் ஒட்டிக்கொண்டு, முழ நீளத்துக்கு ஒரு தலைமுடி. மோந்து பார்த்தேன்.

"மாப்ளை, கடல்ல சீயக்காய் தேய்ச்சுக் குளிக்கிற மீன் ஏதும் இருக்கோ?"

அவர் வாசல் பக்கம் பார்த்தார். ஆள் இல்லை என்று தெரிந்ததும் சொன்னார். கடலுக்குப் போய் வந்தால் ரீலை நல்ல தண்ணீரில் கழுவணுமாம். போன தடவை கழுவ மறந்துவிட்டார். உப்பு அப்படியே காய்ந்து கிடந்தது. அருவித் தண்ணீரை விட நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று யோசித்து, சிநேகிதர்கள் பஜ்ஜி தின்னப் போன நேரம் பார்த்து, ஐந்தருவிக்கு அடியில் ரீலை நீட்டிவிட்டார். கூட்டமான கூட்டம். அக்கம்பக்கத்தில் எத்தனை பேர் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்றார்களோ!

"மெதுவாத் தண்ணி தெளிக்கணும்னுதான் மாமா வீடியோவுல சொன்னான்."

"ஐந்தருவி மெதுவாவா மாப்ளை தெளிக்கும்? ஆம்பிளை தோள்பட்டையே ரெண்டு நாளைக்கு வலிக்கும்."

அடுத்து அவர் கெஞ்சினதை எழுதினால் என் மகள் வருத்தப்படுவாள். சுருக்கமாகச் சொல்கிறேன். இது சிநேகிதர்களுக்குத் தெரிந்தால் குரூப்பில் அவர் பேரையே 'அருவி' என்று மாற்றிவிடுவார்களாம். காற்று அடங்கினதும் பெரிய படகில் போவதாகப் பேசி வைத்திருக்கிறார்கள். அதுக்குள் ரீல் சரியாகணும், விசயம் வெளியே வரவும் கூடாது.

"சரி, நான் பார்க்கேன். ஆனா ஒண்ணு. இதுல மீன் மாட்டுச்சின்னா, ரீல் சர்வீஸ் பண்ணது எங்க மாமான்னு நாலு பேருக்கு முன்னால சொல்லணும்."

"கண்டிப்பா மாமா."

கண்டிப்பா என்றுதான் சொன்னார். என் மனைவியும் கேட்டாள்.

வேலையை ஆரம்பித்தேன். பேப்பரை விரித்து, இட்லித் தட்டை எடுத்து வைத்தேன். கழற்றுகிற வரிசையில் ஒவ்வொரு குழியாகச் சாமானை வைத்துக்கொண்டே போனால், மாட்டும்போது பின்னாலிருந்து எடுத்தால் போதும். படித்தவர்கள் போட்டோ எடுத்து வைப்பார்கள், எனக்கு இட்லித் தட்டு. என் மனைவி பார்த்துவிட்டாள்.

"நாளைக்கு இட்லியில கிரீஸ் வாசம் வந்துச்சின்னா, முதல் ஈடு உங்களுக்கும் உங்க மருமகனுக்கும்தான்."

மருமகன் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான் காலையில பொங்கல் சாப்பிட்டுக்கிடுதேன் அத்தை" என்றார்.

பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால் பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் தேய்த்துக் கழுவினேன். நூல் ஓடுகிற சின்ன உருளையின் பேரிங் உப்பில் இறுகிப்போயிருந்தது. அதுக்கும், பிரேக்குக்குள் இருந்த நைந்த கம்பளி வாசருக்கும் புதுசு வரவழைக்கச் சொன்னேன். கம்பளிக்குப் பதிலாகக் கார்பன் வாசர் வந்தது. பழையதை விட வழவழவென்று பிடிக்கும், சூட்டுக்கும் தாங்கும். அதை அவர்தான் தேர்ந்தெடுத்தார், நான் மறைக்க மாட்டேன்.

கைப்பிடிக் குமிழ் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. தட்டையாக, பொத்தான் மாதிரி இருந்தது. ஈரக் கையில் வழுக்காதா? ஒரு தேக்குத் துண்டைக் கடைசல்காரரிடம் கொடுத்து, புளியங்குடி எலுமிச்சை அளவில் உருட்டி வாங்கினேன். வார்னிஷ் அடித்து, உள்ளே பேரிங் வைத்து மாட்டினேன். கைக்குள் அப்படிப் போய் உட்காரும்.

"மாமா, இது பம்பரம் மாதிரி இருக்கே."

"பம்பரம் சுத்தத்தான செய்யும்? உங்களுக்கும் அதான வேணும்?"

எல்லாம் மாட்டியாச்சு. பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்க மீனுக்கு எங்கே போவது? எங்கள் தெருக்கோடியில் வீடு கட்டாத மனைகள் நிறைய, ஆள் நடமாட்டம் இருக்காது. சாரலுக்கு வந்திருந்த மூத்த மகளை ஸ்கூட்டரை எடுக்கச் சொல்லி, நூல் நுனியைப் பின்னால் கம்பியில் கட்டினேன். வாசலில் தூண்டில் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏட்டி, மெதுவாப் போ."

மெதுவாகத்தான் போனாள். நூல் விறைத்தது. பிரேக் விட்டுக்கொடுக்க வேண்டிய இடத்தில், கைப்பிடி பின்பக்கமாகக் கிறுகிறுவென்று சுழன்று, நான் அருமையாகச் செய்த அந்தக் குமிழாலேயே என் விரல் முட்டியைப் பெயர்த்துவிட்டது. நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு அண்ணாச்சி வெளியே வந்தார். கம்பைப் பார்த்தார், நூலைப் பார்த்தார், நூலின் மறுமுனையில் என் மகளைப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, கெட்டிக்குடுத்த பிள்ளையைத் தூண்டில் போட்டா இழுக்கிய? போன் பண்ணுனா வராதா?"

மருமகன் ரீலை வாங்கிக் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். "மாமா, இதுக்குள்ள பின்னால சுத்தவிடாத ஒரு பேரிங் உண்டே, அதுல கிரீஸ் போட்டியளோ?"

"போடாம? துவாரத்தைக் கண்டா எண்ணெய் விடாம இருப்பனா நான்?"

"அதுல போடக் கூடாது மாமா. பேரிங் வழுக்கிரும், பிடிக்காது."

வாழ்நாள் முழுக்கத் தையல் மிஷினின் துவாரத்தையெல்லாம் தேடித் தேடி எண்ணெய் விட்ட கை. அது அப்படித்தான் செய்யும். குழாயடிக்குப் போய் முட்டியைக் கழுவிவிட்டு வந்தேன். அந்தப் பேரிங்கை ஸ்பிரிட் விட்டுத் துடைத்து, பொட்டுக் கிரீஸ் இல்லாமல் எடுத்து, மெல்லிசு எண்ணெயைத் தொட்டும் தொடாமலும் வைத்தேன். அந்த ஒரு யோசனைக்குக் கால் பங்கு மருமகனுக்கு. முக்கால் எனக்கு.

மறுபடியும் மகள் ஸ்கூட்டரை எடுத்தாள். இந்தத் தடவை கைப்பிடி அசையவில்லை. உருளை மட்டும் 'கிர்ர்ர்' என்று பாடிக்கொண்டு நூலை விட்டது. தெரு முக்குவரை ஒரே சுருதி. எதிர்வீட்டு அண்ணாச்சிகூடக் கைதட்டினார். மருமகன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பேங்கில் அவருக்குப் பிரமோசன் வந்த அன்றைக்குக்கூட அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

காற்று அடங்கினதும் போனார்கள். மத்தியானம் என் மனைவிக்குப் போன் வந்தது. பாரை மீன், அதுவும் இடுப்பளவு! படகைச் சுற்றிச் சுற்றி இழுத்ததாம், ரீல் ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லையாம். கூட்டத்திலேயே அதுதான் பெரிய மீனாம். எனக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. அதை இங்கே எழுதுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

சாயங்காலம் மீனோடு வந்த மகள் போட்டோவைக் காட்டினாள். மருமகன் மீனைத் தூக்கிப் பிடித்து நிற்கிறார். மீனுக்குப் பக்கத்தில் என் தேக்குக் குமிழ் பளபளவென்று தெரிகிறது. கீழே எழுதியிருந்ததைப் படிக்கச் சொன்னேன். படகுக்காரருக்கு நன்றி, சிநேகிதர்களுக்கு நன்றி, கடல் அன்னைக்கு நன்றி. ரீல் செய்த கம்பெனிக்கும் நன்றி. அதுக்குக் கீழே ஒரு சிநேகிதர் கேட்டிருக்கிறார், இந்த மரக் குமிழ் எங்கே வாங்கினது என்று. மருமகன் பதில் போட்டிருக்கிறார்: 'கஸ்டம் மேட். வெளிய கிடைக்காது.'

"அப்பா, உங்க பேரைச் சொன்னா ரீல் ஏன் கெட்டுப்போச்சுன்னு கேப்பாங்கல்லா? அதான் பயப்படுதாங்க" என்றாள் மகள்.

"நடுத்துண்டா பார்த்து மீனைக் குடுத்து விட்டிருக்காருல்லா, அது போதாதா உங்களுக்கு?" என்றாள் மனைவி.

மீன் ருசியாகத்தான் இருந்தது. ஆனால் நான் கேட்டது மீன் இல்லை.

மாப்ளை, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அருவிக் கதை இதோ வெளியே வந்துவிட்டது. உங்கள் பேரைப் போடாமல்தான் எழுதியிருக்கிறேன், ஆனாலும் உங்கள் சிநேகிதர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை, பயப்படவும் ஒன்றுமில்லை. மீனைப் பிடித்தது நீங்கள்தான், அதில் எனக்குப் பங்கு வேண்டாம். கால் பங்கு யோசனை உங்களுடையது என்பதையும் ஒப்புக்கொண்டாயிற்று. மீதி முக்கால் பங்குக்கு, அந்தப் படத்துக்குக் கீழே, கம்பெனிக்கு நன்றி சொன்ன வரிக்கு மேலே, என் பேரைப் போடுங்கள். இனிஷியலோடு போடுங்கள். குமிழ் செய்ததும் நான்தான் என்று அந்தச் சிநேகிதருக்கும் பதில் போட்டுவிடுங்கள்.