வாய்க்கால் கரையில் நீலத்தொப்பி

என் அக்கா இசைவாணி லேசுப்பட்டவள் இல்லை! மத்திய போலீஸ் படையிலிருந்து லைபீரியாவுக்குப் போய், ஐ.நா.வின் நீலத்தொப்பி போட்டுக் காவல் நின்றவள். ஓய்வு பெற்று நடுவூர் வந்ததும், அதே தொப்பியோடு வாய்க்கால் கரைக்குப் போனாள். மேலூர், நடுவூர், கீழூர் மூன்றுக்கும் ஒரே வாய்க்கால். ஊருக்கு மூன்று நாள் முறைத்தண்ணீர். முறை தப்பி யாராவது மதகைத் தூக்கினால் மண்டை உடையும்.

முதல் வருஷம், யார் தூக்குகிறார்கள் என்று பார்த்து நோட்டில் எழுதினாள். அவள் கண்ணெதிரிலேயே மேலூர்க்காரர்கள் தூக்கினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எழுதி என்னத்தக் கிழிச்ச?"

"உலகமும் இப்படித்தான்டா ஆரம்பிச்சுது, அமிர்தலிங்கம். முதல்ல கூடிக் கூடித் தீர்மானம் போட்டாங்க, எவனும் மதிக்கல. அப்புறம் சண்டைக்கு நடுவுல நின்னு பாத்தாங்க. அதுவும் பத்தாமத்தான், சனத்தக் காப்பாத்துங்கன்னு உத்தரவோட எங்களை அனுப்புனாங்க."

இந்த வருஷம் மூன்று ஊரையும் கூட்டி ஒப்பந்தம் போட்டாள். ஒவ்வொரு மதகிலும் மூன்று ஊர் ஆளும் நிற்கணும். மீறுகிற ஊரை மற்ற இரண்டும் சேர்ந்து தடுக்கணும். அந்த ஊருக்கு அடுத்த முறையில் ஒரு நாள் குறையும். முதல் கையெழுத்து நான்தான் போட்டேன்.

முதலில் மீறியதும் நான்தான்! சம்பா பூத்து நிற்கிறது, வயல் வெடிக்கிறது, எங்கள் முறைக்கு இன்னும் நாலு நாள். கீழூர் முறையன்று, காவல் ஆட்கள் டீக்குப் போன நேரம் பார்த்து எங்கள் மதகைத் தூக்கினேன். அக்கா வந்து நின்றாள்.

"இறக்குடா."

"பயிர் பதராப் போயிடும்க்கா! நான் உன் தம்பி!"

"தம்பிக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டம்னா நாளைக்கு எவன்டா நிப்பான்? உலகமே இதுலதான் கோட்டை விட்டுச்சு."

இறக்கினேன். ஊருக்கு ஒரு நாள் போச்சு. ஊர் என்னைத் திட்டியது, நான் அக்காவைத் திட்டினேன்.

எங்கள் முறையன்று காலையில், மேலூரில் மதகைத் தூக்கிவிட்டார்கள் என்று போன் வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். அடேயப்பா! அங்கே கீழூர் சனம் நாற்பது பேர், கம்பு இல்லை, அரிவாள் இல்லை, சும்மா நிற்கிறார்கள். மதகு இறங்கியிருந்தது.

"உங்க தண்ணியத் திருடுனவன் நான்... எனக்காகவா வந்தீங்க?"

கீழூர் ஆனந்தவல்லி சிரித்தார். "நல்லாருக்கே! அடுத்து எங்க முறையில நீங்க வந்து நிக்கணும்ல, அதுக்குத்தாங்க வந்தோம்."

தண்ணீர் என் வயலுக்குள் ஏறியபோது நான் போட்ட கூச்சலில் கொக்கெல்லாம் பறந்தது. கீழூர் முறை வெள்ளிக்கிழமை. வியாழன் மதியமே போய், அன்று நான் தூக்கிய அதே மதகுக்குக் காவல் உட்கார்ந்துவிட்டேன்.