பத்தாவது மாடியிலிருந்து பார்த்த முதுகு

ரோசம்மாவுக்கு முதுகுதான் பிழைப்பு, அதுவும் அடுத்தவர் முதுகு. சமையற்கூடத்தில் அண்டா தூக்குபவர், கிடங்கில் பெட்டி அடுக்குபவர், ஹோட்டலில் மெத்தை விரிப்பவர் என்று யார் வேலை செய்தாலும் ஓரமாக நின்று பார்ப்பாள். எத்தனை டிகிரி குனிகிறார்கள் என்று கண்ணாலேயே சொல்லிவிடுவாள். அதிகம் குனிந்தால் மேசையை உயர்த்தச் சொல்வாள். கருவி வைத்து அளந்தாலும் அநேகமாக அவள் சொன்னதற்குப் பக்கத்தில்தான் வரும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஞாயிறு பூசையில் சாமியார் குனிவதைப் பார்த்துவிட்டு, பீடத்தை உயர்த்த வேண்டும் என்று பங்குக் கூட்டத்தில் எழுந்து சொன்ன மகராசி அவள்.

அந்தக் கண்தான் நாலு மாதமாக அவளைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது.

சிங்கப்பூரில் கிளமெண்டி வீட்டை விற்று, புக்கிட் பாத்தோக்கில் பத்தாவது மாடிக்குக் குடிவந்ததிலிருந்து கணவர் மரியஅந்தோணிக்கு முதுகு வளைய ஆரம்பித்திருந்தது. பள்ளிக்கூடத்தில் காவல் வேலை முடிந்து, மாலையில் பேருந்து நிறுத்தத்திலிருந்து அவர் வருவதைச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தாள். இருபது டிகிரி. மறுநாளும் நின்று பார்த்தாள். தினமும் நின்றாள். போகப் போக அவர் நடையும் மெதுவாகிக்கொண்டே வந்தது.

அவருடைய அப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. முதலில் கூன், பிறகு நடை தளர்ந்தது, பிறகு கை நடுங்கியது. பார்க்கின்சன் என்றார் மருத்துவர். கடைசி வருடங்களில் அந்த மாமனாருக்குக் கஞ்சி ஊட்டியது ரோசம்மாதான். அதனால் ஜன்னலில் நிற்கும்போதெல்லாம் அந்தக் கஞ்சிக் கிண்ணம்தான் கண்முன் வந்தது. கணவரிடம் கேட்க நாக்கு எழவில்லை. கேட்டால் உண்மையாகிவிடுமோ என்று பயந்தாள்.

வீட்டுக்குள் வைத்துப் பார்க்க வேண்டியதுதானே என்பீர்கள். சோபாவிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு நாலு எட்டு. அதில் எந்த நடையைப் பார்ப்பது? போதாக்குறைக்கு, பயந்துபோன கண்ணுக்கு அவர் தலையணையில் சாய்ந்தாலே கூனாகத் தெரிந்தது.

கடைசியில் தன் கண்ணை நம்ப முடியாமல், பிறர் கண்ணைக் கடன் வாங்குவது என்று முடிவு செய்தாள். வியாழக்கிழமைதோறும் சிராங்கூன் ரோட்டில் ஒரு கடைக்கு மேலே இருந்த அறையில், வேலையிடப் பாதுகாப்பைக் கவனிப்பவர்களுக்கு அவள் தமிழில் பாடம் எடுத்துவந்தாள். ஜன்னலிலிருந்து கைபேசியில் எடுத்த வீடியோவை அந்த வார வகுப்பில் ஓடவிட்டாள். யார், என்ன என்று எதுவும் சொல்லவில்லை.

"முதுகு எத்தனை டிகிரின்னு சொல்லுங்க, பாப்போம்."

"பத்து," என்றார் ஒருவர். "இருபத்தஞ்சு," என்றார் இன்னொருவர்.

"நாப்பதுக்குக் குறையாது மிஸ்," என்றான் கட்டுமானத் தளத்தில் வேலை பார்க்கும் ரகுபதி. "பாவம், இந்த அங்கிளுக்கு ரொம்ப முடியல போல."

ரோசம்மா வீடியோவை நிறுத்தினாள். பேச்சை மாற்றுவதற்காக, உணவுக் கிடங்கிலிருந்து வரும் ஃபர்சானா பக்கம் திரும்பினாள்.

"நீ ஒண்ணும் சொல்லலையே?"

"நான் சொல்ல மாட்டேன்க்கா."

"ஏன்?"

"இது மேலேருந்து எடுத்தது. பக்கவாட்டுல நின்னு பாக்காம நம்பர் சொன்னா மார்க் கட்னு நீங்கதானே மொத கிளாஸ்ல மிரட்டுனீங்க? இதுல தலையும் தோளும்தான் தெரியுது. நேரா நடக்குறவங்களும் குனிஞ்ச மாதிரிதான் இருப்பாங்க லா. யாருக்கா இத எடுத்தது?"

வகுப்பே சிரித்தது.

"யாரோ கத்துக்குட்டி," என்றாள் ரோசம்மா.

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கிளமெண்டியில் அவர்கள் இருந்தது இரண்டாம் மாடி. வெளியே துணி காயப்போடும்போது, எதிரே நடைபாதையில் அவர் பக்கவாட்டாகக் கடந்து போவது தற்செயலாகக் கண்ணில் படும். அப்படியானால் மாறியது முதுகு அல்ல, ஜன்னல்! ஊருக்கெல்லாம் சொன்ன பாடத்தைத் தன் புருஷன் விஷயத்தில் கோட்டை விட்டிருக்கிறாள். ஆனால் நடை? நடை மெதுவானதற்கு எந்த ஜன்னலும் காரணமாக முடியாது. பாதி உயிர்தான் வந்தது.

வகுப்பு முடிந்ததும் எம்ஆர்டி ரயில் பிடித்து, பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றாள். மரியஅந்தோணி இறங்கி அவளைப் பார்க்காமலே கடந்து போனார். பக்கவாட்டில் பார்த்தாள். காது, தோள், இடுப்பு எல்லாம் ஒரே கோட்டில் இருந்தன. கையை வீசிக்கொண்டு அவர் போன வேகத்துக்கு அவள் ஓட வேண்டியிருந்தது.

அவர்கள் அடுக்குமாடி புளோக் தெரியும் திருப்பம் வந்ததும் சட்டென்று வேகத்தைக் குறைத்தார். அடிமேல் அடி வைத்து, புது மாப்பிள்ளை மாதிரி நடந்தார். ரோசம்மாவுக்கு மறுபடியும் பகீரென்றது.

"என்னங்க!"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"நீ இங்க என்ன பண்ற? வீட்டுல இல்லையா?"

"அத விடுங்க. இதுவரைக்கும் நல்லாத்தானே வந்தீங்க. இங்க வந்ததும் ஏன் இப்படி மெதுவா நடக்குறீங்க? கால் வலிக்குதா? சொல்லுங்க."

மரியஅந்தோணி அசடு வழிந்தார். மேலே பத்தாவது மாடியைப் பார்த்தார்.

"நீதான் டெய்லி ஜன்னல்ல நிக்கிறியே. கல்யாணம் ஆன நாளுலேருந்து ஒரு நாளாவது நான் வர்றத நின்னு பாத்திருக்கியா? வேகமா நடந்தா சீக்கிரம் முடிஞ்சிரும்ல ரோசி... அதான்."

ரோசம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அங்கேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை நடுங்கவில்லை.

"எதுக்குடி அழற?"

"ஒண்ணுமில்லங்க. ஒரு தடவ பாலிக்ளினிக்ல உங்க முதுகக் காட்டிட்டு வந்துருவோம்."

"என் முதுகுக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல," என்றாள். இந்த முறை அதை நம்பியே சொன்னாள்.

மறுநாள் மாலையும் அவள் ஜன்னலுக்கு வந்தாள். கீழே திருப்பத்தில் அதே இருபது டிகிரி முதுகு, முன்னைவிட மெதுவாக வந்தது. அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. வழியட்டும் என்று விட்டுவிட்டுக் கையை ஆட்டினாள்.