அரை அடி ஆழம்

எங்கள் பள்ளி மண்வள மன்றத்தின் சார்ட்டை ஆண்டு விழாவன்று வராந்தாவில் ஒட்டியது நான்தான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அவரவர் வயல் மண்ணைத் தண்ணீரில் கலக்கி, உப்பு அளக்கும் மீட்டரை விட்டுப் பார்த்து எழுதியது. நல்ல வயலுக்குப் பச்சை, உப்பேறியதற்குச் சிவப்பு. பக்கத்திலேயே பிள்ளையின் பெயர், வயலின் பெயர். பெயர் போடச் சொன்ன முட்டாளும் நான்தான்.

சிவப்பு ஒன்றே ஒன்று. அது மன்றத் தலைவியின் அப்பா குத்தகைக்கு உழும் வயல். விழாவுக்கு வந்திருந்த நிலத்துக்காரர் அதன் முன் நெடுநேரம் நின்றார். "உப்பாப் போச்சா சார்? அப்ப இறால் குட்டைக்கு விட்டுடலாம் போலிருக்கே. கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க" என்று சிரித்தார். தரங்கம்பாடிப் பக்கம் வேலை பார்க்கிறவன் நான். குட்டை வெட்டிய நிலத்தில் அப்புறம் யாரும் நாற்று விட்டு நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை அந்தக் குத்தகைக்காரர் ஆசிரியர் அறை வாசலில் நின்றார். உள்ளே வாங்க என்றேன், வரவில்லை. உதடு காய்ந்திருந்தது. அவருடையது வாய்வார்த்தைக் குத்தகை, அப்பா காலத்திலிருந்து. ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. நிலத்துக்காரர் நிறுத்து என்றால் நிறுத்த வேண்டியதுதான். "பிள்ளைய அடிச்சிட்டேன் சார். அது என்ன பண்ணும், நீங்க சொன்னதத்தானே செஞ்சுது" என்றார். என்னைத் திட்டியிருக்கலாம்.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு எப்படி எடுத்தாய் என்று கேட்டேன். "மம்பட்டி எறங்கல சார். கொட்டாங்குச்சியால மேலாகச் சொரண்டிட்டேன்" என்றாள். அறுவடை முடிந்த வயலின் களிமண் கோடையில் கல்லாக இறுகும். கடலோர வயலில் அடி உப்பு மேலே வந்து வெள்ளையாகப் பூக்கும். அவள் சுரண்டியது அந்த வெள்ளையைத்தான். மேல் மண்ணைத் தள்ளிவிட்டு அரை அடி தோண்டுங்கள் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டதோடு சரி, எவனாவது தோண்டினானா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

கடப்பாரையோடு நானே போனேன். அவளும் அவள் அப்பாவும் நானுமாக ஐந்து இடத்தில் தோண்டினோம். ஒவ்வொன்றாகக் கலக்கி மீட்டரை விட்டேன். பச்சைதான். நிலத்துக்காரர் வீட்டுக்கே போய்க் காட்டினேன். "பிள்ளைங்க வெளையாட்டுக்கு என் நிலம் போயிருக்கும் போலிருக்கே" என்று அதற்கும் சிரித்தார். அந்த வயல் தப்பியது. பக்கத்து வயல் குட்டையாயிற்று.

இப்போதெல்லாம் சார்ட்டில் பெயர் கிடையாது, எண் மட்டும். ஒவ்வொரு குழியிலும் ஸ்கேலை விட்டு அளந்து பார்க்கிறேன். அந்தப் பெண் கல்லூரிக்குப் போய்விட்டாள். சென்ற வாரம் அவள் அப்பா மட்டும் ஒரு பையோடு வந்தார். குட்டைத் தண்ணீர் ஊறி வரப்போரப் பயிர் நுனி கருகுகிறதாம். "அன்னைக்கு மாதிரியே அஞ்சு எடத்துல தோண்டினேன் சார்" என்றார். பையில் ஈரம் காயாத கறுப்புக் களிக் கட்டிகள். மேல் மண் ஒரு பொட்டுக்கூட இல்லை.

மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் சிவப்பு.

அவர் மீட்டரைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேலாகத்தான் சார் எடுத்தேன்" என்றார். "இதுவும் தப்புன்னு சொல்லிடுங்க."